பொன்னிக்குப் பின்னால் ஒரு கீழக்கரைக்காரர்

பிசானப் பருவத்துக்கு விதைநெல் வாங்க வருகிறவர்கள் என் கடையில் கேட்பது இரண்டு மூன்று ரகங்களின் பெயர்கள்தான். "டே தம்பி, அம்பை பதினாறு வந்துட்டா?" என்றுதான் பாதிப்பேர் படியேறுவார்கள். சிலர் பொன்னி கேட்பார்கள், சிலர் பி.பி.டி. மூட்டையில் தைத்திருக்கும் நீல அட்டையில் ரகத்தின் பெயர், குவியல் எண் எல்லாம் இருக்கும். அந்த நெல்லின் பூர்வீகம் மட்டும் இருக்காது. அதைத் தேடிப் போனால் இந்த மூன்று ரகங்களுக்கும் பின்னால் ஒரே மனிதரின் உழைப்போ, அவர் வேலை பார்த்த நிலையத்தின் நெல்லோ வந்து நிற்கிறது. அவர் கே. ராமையா.

1892-இல் கீழக்கரையில் பிறந்தவர். கோயம்புத்தூர் நெல் ஆராய்ச்சி நிலையத்தில் வேலையைத் தொடங்கினார். வங்கத்தில் செம்புள்ளி நோய் நெல்லை அழித்ததும், 1943-இல் அங்கே பஞ்சம் வந்து லட்சக்கணக்கான பேர் செத்ததும் எல்லோருக்கும் தெரியும். அதற்குப் பிறகுதான் நாடு முழுவதற்குமாக நெல்லுக்கென்றே ஒரு நிலையம் வேண்டும் என்று 1946-இல் கட்டாக்கில் மத்திய நெல் ஆராய்ச்சி நிலையம் தொடங்கினார்கள். அதன் முதல் இயக்குநர் ராமையா.

அங்கே அவர் கையில் எடுத்த வேலைதான் எனக்குப் பெரிதாகத் தெரிகிறது. நம் பழைய நெல்லுக்கு உரம் போட்டால் தழைத்து உயர்ந்துவிடும், கதிர் முற்றும் நேரத்தில் ஒரு மழைக்கே சாய்ந்துவிடும். ஜப்பான் நெல் அப்படி இல்லை, உரத்தை வாங்கிக்கொண்டு நிமிர்ந்து நிற்கும். இரண்டையும் கலந்தால் என்ன என்று அவர் கேட்டார். ஐ.நா.வின் உணவு வேளாண்மை அமைப்பு துணைக்கு வந்தது. 1950-களில் பல ஆசிய நாடுகளின் நெல் கட்டாக்குக்கு வந்து ஜப்பான் ரகங்களோடு கலப்பாகி, அந்த விதை திரும்ப அந்தந்த ஊருக்கே போனது. கலந்து கொடுப்பது கட்டாக், தேறுவதைப் பொறுக்கி எடுப்பது அந்தந்த மண்.

நெல்லைக் கலப்பது எவ்வளவு நுணுக்கமான வேலை என்று கிள்ளிக்குளம் வேளாண் கல்லூரியில் படித்தபோது கையால் செய்து பார்த்திருக்கிறேன். மறுநாள் பூக்கப்போகும் மணியாகப் பார்த்து, மாலையில் அதன் நுனியைக் கத்தரிக்க வேண்டும். உள்ளே ஆறு மகரந்தப் பைகள். சூல்முடியில் படாமல் ஊசி முனை இடுக்கியால் ஆறையும் எடுக்க வேண்டும். ஒன்று உடைந்தாலும் தன் மகரந்தமே பட்டு அந்த மணி வீண். பிறகு காகித உறை மாட்டி, மறுநாள் வெயில் ஏறியதும் மற்ற ரகத்தின் கதிரைக் கொண்டுவந்து மேலே தட்டிவிட வேண்டும். இத்தனைக்கும் பிறகு கிடைப்பது சில மணிகள். ஜப்பான் நெல்லோடு கலந்த பயிரிலோ பதர் அதிகம் விழும்.

அதனால் அந்தத் திட்டத்தில் தேறிய ரகங்கள் சிலவே. 1966-இல் பிலிப்பைன்ஸிலிருந்து ஐ.ஆர். 8 என்ற, சாயாமல் நிறைய விளையும் குட்டை நெல் வந்ததும், ராமையாவின் திட்டம் தோற்றது என்று சொல்லிவிட்டவர்கள் உண்டு. எனக்கு அதில் துளியும் சம்மதமில்லை. அந்தத் திட்டத்தில் பிறந்து 1965-இல் ஆடுதுறையில் வெளியிட்ட ஏ.டி.டி. 27, தஞ்சாவூர்க் குறுவையையே மாற்றியது. மலேயாவுக்குப் போன கலப்பிலிருந்து மசூரி வந்தது. நாம் சாப்பிடும் பொன்னி அந்த மசூரியின் வழிதான். பி.பி.டி. 5204-இலும் மசூரி இருக்கிறது, கூடவே கோயம்புத்தூரில் 1921-இல் வந்த ஜி.இ.பி. 24-உம் இருக்கிறது. அது ராமையா வேலை பார்த்த நிலையத்தின் நெல்.

சரி, நம்ம அம்பை 16? அம்பாசமுத்திரம் நிலையம் 1986-இல் வெளியிட்டது. இங்கே இட்லிக்கு அதை விட்டால் வேறு அரிசி இல்லை என்பேன். அதன் பெற்றோர் ஏ.டி.டி. 31-உம் கோ 39-உம். கோ 39-க்குள் கண்ணகி என்ற ரகம், கண்ணகிக்குள் டி.கே.எம். 6, அதற்குள் மறுபடியும் ஜி.இ.பி. 24.

ராமையாவுக்கு 1970-இல் பத்மபூஷண் கிடைத்தது, மாநிலங்களவையிலும் நியமன உறுப்பினராக இருந்தார். இருந்தும் நெல்லையே உயிராக வைத்திருக்கும் இந்தத் தாமிரபரணிக் கரையில் அவர் பெயரைச் சொன்னால் யார் என்று கேட்கிறார்கள். எனக்கு அது உண்மையிலேயே வருத்தம்.

கிள்ளிக்குளத்தில் கடைசி வருஷம் படிக்கும் எங்கள் தெருப் பிள்ளை ஒருத்தி போன வாரம் கடைக்கு வந்தாள். "அண்ணே, மேல என்ன எடுத்துப் படிக்கட்டும்?" என்று கேட்டாள். பயிர் இனப்பெருக்கம் எடு என்றேன். ஒரு ரகம் வெளியே வரப் பத்து வருஷம் ஆகுமே என்றாள். ஆமாம், ஆகும் என்றேன். அவளுக்கு ஆசை இருக்கிறது. அப்பாதான் வங்கித் தேர்வு எழுதச் சொல்கிறார். நடவு முடிந்ததும் அவரிடம் பேசுகிறேன் என்று சொல்லியிருக்கிறேன்.