கொழும்பில் ஒரு கடைவாய்ப் பல்லைக் காப்பாற்றின கதை

"இன்சூரன்ஸ் இருக்குத்தானே, பிறகென்ன?" என்றுதான் எல்லாரும் கேட்டார்கள். இருக்கிறது. கொம்பனி தந்த அட்டை கைப்பையில்தான் கிடக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்தால் இவ்வளவு, வெளியே மருந்து எடுத்தால் வருஷத்துக்கு இவ்வளவு என்று எல்லாம் உண்டு. வலது பக்கக் கீழ்க் கடைவாய்ப் பல் குடையத் தொடங்கி, குளிர்தண்ணி பட்டால் காது வரைக்கும் இழுக்கிற நிலைக்கு வந்ததும் பொலிசிப் புத்தகத்தை எடுத்து விரித்தேன். எதெதற்குக் காசு தரமாட்டோம் என்று போட்டிருக்கிற பக்கத்தில் ஒரே ஒரு வரி: விபத்துக் காயத்தினால் தேவைப்படும் சிகிச்சை தவிர்ந்த ஏனைய பல் சிகிச்சைகள் உள்ளடங்கா. அதாவது மோட்டார் சைக்கிளில் இருந்து விழுந்து பல்லை உடைத்துக்கொண்டு வந்தால் தருவார்கள், சும்மா சூத்தை பிடித்தால் சொந்தக் காசு.

எங்கள் அலுவலகத்தில் இதைப் பார்க்கிற அக்காவிடம் கேட்டேன். "கண்ணாடிக்கு இருக்கு, பல்லுக்கு இல்ல. சில கொம்பனி பிரீமியம் கூடக் கட்டி அதையும் சேர்த்து எடுக்குது, எங்கட ஆக்கள் எடுக்கேல்ல" என்றார். ஆகவே தனியார் வேலையில் இருப்பவர்கள் முதலில் பார்க்க வேண்டியது இதைத்தான், உங்கள் கொம்பனி வாங்கின பொலிசியில் பல் உண்டா, இருந்தால் தனித் தொகையா, இல்லை மருந்துக்கான தொகைக்குள்ளேயே அடங்குகிறதா என்று. அரச உத்தியோகத்தர்களுக்கு அக்ரஹார என்கிற மருத்துவக் காப்புறுதி இருக்கிறது, மாதச் சம்பளத்தில் கழிபடும், 2006ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் வந்த தேசிய காப்புறுதி நம்பிக்கை நிதியம் நடத்துகிறது. அதிலும் வெள்ளி, தங்கம் என்று தரங்கள் உண்டு. நீங்கள் எந்தத் தரத்தில் கட்டுகிறீர்கள், அதில் பல்லுக்கு ஒரு வரி இருக்கிறதா என்று படிவத்தோடு வைத்துப் பாருங்கள். பக்கத்து மேசைக்காரர் சொல்வதை வைத்து முடிவெடுக்க வேண்டாம், அவர் வேறு தரமாக இருக்கலாம்.

இந்த நேரத்தில் குடும்ப வட்ஸ்அப் குழுவில் என் பல்லைப் பற்றி ஒரு சர்வதேச மாநாடே நடந்தது. ஸ்காபரோவில் இருக்கிற அக்கா கனடாவின் பல் பராமரிப்புத் திட்டத்தைப் பற்றிச் சொன்னாள். 2023 டிசம்பரில் பதிவு தொடங்கியது. குடும்பத்தின் நிகர வருமானம் 90,000 டொலருக்குக் கீழே இருக்க வேண்டும், வேறு பல் காப்புறுதி இருக்கக் கூடாது. 70,000க்குக் கீழே என்றால் திட்டத்தின் கட்டண அளவு முழுவதும் அவர்கள் பொறுப்பு, அதற்கு மேலே 40 வீதம், 80,000 தாண்டினால் 60 வீதம் நோயாளி போட வேண்டும். பல் டொக்டர் திட்டத்தின் அளவைவிடக் கூடக் கேட்டால் அந்த வித்தியாசமும் நோயாளியின் தலையில்தான். லண்டன் மச்சானுக்கு அங்கத்தைய அரச மருத்துவ சேவையில் மூன்று படிக் கட்டணம். பல் அடைப்பதும் வேர் சிகிச்சையும் (ரூட் கனால்) ஒரே படியில் வரும், இங்கிலாந்தில் 2025 ஏப்ரலில் அது 75.30 பவுண், ஆனால் அந்தக் கட்டணத்துக்குப் பார்க்கிற டொக்டரைப் பிடிப்பதே பெரும் பாடு என்று அழுதார். ஜெர்மனியில் இருக்கிற பெரியப்பாவின் மகன் ஒரு சின்னக் கொப்பியின் படத்தை அனுப்பினான். வருஷா வருஷம் பல்லைக் காட்டி அதில் முத்திரை வாங்கிக்கொண்டே வந்தால், கெப் (பல்லுக்கு மேலே போடுகிற மூடி), கட்டுப்பல் போன்றவற்றுக்குக் கிடைக்கிற நிலையான உதவித்தொகை 60 வீதத்திலிருந்து ஐந்து வருஷத்தில் 70, பத்து வருஷத்தில் 75 என்று ஏறும். அவனுக்கு அதில் பெருமை வேறு.

இலங்கையில் எங்களுக்கு இந்த வீதம், படி, முத்திரை ஒன்றும் கிடையாது. அட்டையும் இல்லை, சந்தாவும் இல்லை. அரச ஆஸ்பத்திரி வரிக்காசில் ஓடுகிறது, போய் நம்பர் எடுத்தால் பார்ப்பார்கள். கேட்க நல்லாக இருக்கிறது, நல்லதுதான். ஆனால் எது உள்ளடங்கும், எது அடங்காது என்று எழுதின புத்தகம் ஒன்று கைக்குக் கிடைக்காது. எந்த ஆஸ்பத்திரியில் எந்த டொக்டர், எந்த மெசின், எவ்வளவு வரிசை என்பதைப் பொறுத்துத்தான் எங்கள் உள்ளடக்கம். இதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு இவ்வளவு அலைச்சல்.

அம்மாதான் தள்ளிவிட்டார். "காசு குடுத்தாத்தான் வைத்தியமோ பிள்ளை? முதல் போய்க் காட்டு, அவங்கள் என்ன சொல்றாங்களெண்டு பாப்பம்." வீட்டுக்குக் கிட்ட இருக்கிற ஒரு அரச ஆஸ்பத்திரிக்குப் போனேன், பெயர் வேண்டாம். பத்து மணிக்குப் போனால் அன்றைய நம்பர் முடிந்துவிட்டது. வாசலில் நின்ற காவலாளி ஐயா "நங்கி, ஹெட்ட உதேட்ட என்ன" (தங்கச்சி, நாளைக்குக் காலையில் வாங்கோ) என்று சிங்களத்தில் பாவப்பட்டுச் சொன்னார். அடுத்த நாள் விடியவே போய் நின்றேன், எனக்கு முன்னாலே வாங்கு நிறைய சனம், அரைவாசிப் பேர் கன்னத்தில் கையோடு. பல் பிரிவுக்கு யோசித்திருப்பவர்கள் நேரத்தோடு போங்கள், சாப்பிட்டுவிட்டுப் போங்கள் (பல் பிடுங்குவதென்று முடிவானால் வெறும் வயிற்றோடு கதிரையில் இருந்து மயங்குகிறவர்கள் இருக்கிறார்கள்), சீனி, பிரஷர், அஸ்பிரின் போன்ற மருந்துகள் பாவித்தால் அந்தத் துண்டுகளையும் கொண்டு போங்கள். முதல் கேள்வியே அதுதான்.

டொக்டர் தமிழ்ப் பிள்ளை, என்னைவிட வயது குறைவாகத்தான் இருக்கும். கண்ணாடிக் கம்பியின் பிடியால் ஒவ்வொரு பல்லாகத் தட்டி "இதா, இதா" என்று கேட்டார், ஒன்றில் தட்டியதும் நான் கதிரையை விட்டே எழும்பிவிட்டேன். விரல் நகம் அளவு எக்ஸ்ரே பிலிமை வாய்க்குள் வைத்துக் கடிக்கச் சொல்லி ஒரு படம். பிறகு சொன்னதுதான் முழு விஷயமும்: "அக்கா, கழட்டுறதெண்டா இண்டைக்கே கழட்டலாம். வச்சிருக்கிறதெண்டா வேர் சிகிச்சை செய்ய வேணும், பின் பல், இங்க செய்ய ஏலாது, கடிதம் தாறன், அங்க திகதி தருவினம்."

யோசித்துப் பாருங்கள். இரண்டும் இலவசம். ஒன்று இன்றைக்கு, அரை மணித்தியாலத்தில். மற்றது எப்போதோ. வலி தாங்காமல் வந்த ஆள் எதை எடுப்பார்? எனக்கு முன்னால் போன ஒரு கட்டட வேலைக்காரத் தம்பி, இருபத்தைந்து வயது இருக்காது, பஞ்சைக் கடித்துக்கொண்டு வெளியே வந்தான். அவனுக்கு அடுத்த நாளும் வேலை, திகதி வாங்கி அலைய லீவு இல்லை. இலவசம் என்கிற சொல்லுக்குள்ளே அவனுடைய நாட்கூலி கணக்கில் வரவில்லை. இந்த நாட்டில் பல் வைத்தியத்தில் ஏழைக்கும் மற்றவனுக்கும் வித்தியாசம் இந்த இடத்தில்தான் விழுகிறது என்பது என் எண்ணம், பில்லில் இல்லை.

நான் கடிதம் வாங்கினேன். அன்றைக்கே பல்லைத் திறந்து மருந்து வைத்துத் தற்காலிகமாக அடைத்துவிட்டார், அதோடு வலி படுத்தது. இதைக் கேட்டு வாங்குங்கள். திகதி வரும் வரைக்கும் பல் தாக்குப்பிடிப்பது இந்தத் தற்காலிக அடைப்பில்தான்.

கொழும்பில் பல்லுக்கென்றே இருக்கிற பெரிய இடம் கொழும்பு 7, வோட் பிளேஸில் உள்ள தேசிய பல் வைத்தியசாலை. கண் ஆஸ்பத்திரிச் சந்தியில் பஸ்ஸால் இறங்கினால் நடந்து போகலாம். பழைய ஆட்கள் இன்னும் டென்டல் இன்ஸ்டிடியூட் என்றுதான் சொல்வார்கள். பல் சீராக்கம், தாடை சத்திரசிகிச்சை, பல்லைக் காப்பாற்றித் திருத்துகிற பிரிவு என்று நிபுணர் பிரிவுகள் அங்கே இருக்கின்றன, தூர மாவட்டங்களில் இருந்தும் கடிதத்தோடு ஆட்கள் வருவார்கள். பெரிய போதனா வைத்தியசாலைகள் சிலவற்றிலும் நிபுணர்கள் இருக்கிறார்கள். ஆகவே கடிதம் எழுதும்போதே "எங்க வரிசை குறைவு டொக்டர்?" என்று கேட்பதில் வெட்கப்பட ஒன்றும் இல்லை.

திகதி தள்ளித்தான் கிடைத்தது. நடுவில் பொறுமை போய் ஒரு தனியார் இடத்தில் விலை கேட்டேன், வேர் சிகிச்சைக்கு 45,000 ரூபா, கெப் தனி. இன்னொரு இடத்தில் அதைவிடக் கூட. பின்னேரம் தனியார் இடங்களில் இருக்கிற டொக்டர்கள் பலர் காலையில் அரச ஆஸ்பத்திரியில் வேலை செய்பவர்கள்தான், அது சட்டப்படி அனுமதிக்கப்பட்ட விஷயம். ஆகவே திறமையில் வித்தியாசம் என்று நினைத்துக் காசு கொடுக்க வேண்டாம். நேரத்துக்கும் குளிரூட்டின அறைக்கும்தான் கொடுக்கிறோம், அது தேவைப்படுகிறவர்கள் கொடுக்கட்டும், பிழை இல்லை. ஒன்று மட்டும், மலிவாகக் கிடைக்கிறதென்று பெயர்ப்பலகை இல்லாத இடத்தில் வாயைத் திறக்காதீர்கள். பல் வைத்தியர்களும் இலங்கை மருத்துவ சபையில் பதிந்திருக்க வேண்டும். பதிவிலக்கத்தைக் கேட்டால் உண்மையான டொக்டர் கோபிக்க மாட்டார்.

நான் வேர் சிகிச்சையை அரசிலேயே செய்தேன். அதைப் பற்றிப் பயந்துகொண்டிருப்பவர்களுக்காகக் கொஞ்சம் விரிவாகச் சொல்கிறேன். ஊசி போட்ட பிறகு பல்லைச் சுற்றி ஒரு பச்சை ரப்பர் தாளை இழுத்து மாட்டுகிறார்கள், அந்த ஒரு பல் மட்டும் வெளியே தெரியும், தண்ணியும் மருந்தும் தொண்டைக்குள் போகாது. பிறகு ஊசி மாதிரி மெல்லிய கம்பிகளை வேருக்குள் விட்டு அளந்து, டொக்டர் "இருபது", "பத்தொன்பதரை" என்று மில்லிமீற்றரில் சொல்லச் சொல்ல மிஸ் அட்டையில் எழுதினார். குளோரின் மணம், பிறகு கராம்பு எண்ணெய் மணம். வலி இல்லை, வாயைத் திறந்தபடி இருப்பதுதான் கஷ்டம், தாடை இரண்டு நாள் நொந்தது. ஒரே தடவையில் முடியவில்லை. இடைவெளி விட்டுத் திரும்பப் போக வேண்டியிருந்தது, ஒவ்வொரு முறையும் அலுவலகத்தில் அரை நாள் லீவு.

அங்கே காத்திருந்தபோது ஒன்றைக் கவனித்தேன். என்ன பிரச்சினைக்கு வந்தாலும், முக்கியமாக வயதானவர்களுக்கு, கன்னத்தின் உட்பக்கத்தையும் நாக்குக்குக் கீழேயும் பார்க்கிறார்கள், வெற்றிலை போடுவீர்களா என்று கேட்கிறார்கள். மருதானைப் பக்கத்து ஐயா ஒருவர் பல் ஆடுகிறதென்று வந்தவர், கன்னத்துக்குள் இருந்த வெள்ளைத் திட்டைப் பார்த்துவிட்டு அவரை வேறு பிரிவுக்கு அனுப்பினார்கள். இலங்கையில் ஆண்களுக்குக் கூடுதலாக வருகிற புற்றுநோய் வாய்ப்புற்றுத்தான். முற்றின பிறகு மகரகம அபேக்ஷா ஆஸ்பத்திரிக்கு ஓடுவதைவிட இது எவ்வளவோ மேல். என் பொலிசி இதற்குக் காசு தராது, இங்கே கேட்காமலே பார்க்கிறார்கள். வீட்டில் வெற்றிலை போடுகிற அப்பப்பா, அம்மம்மா இருந்தால் பல் வலி வரும்வரை பார்த்துக்கொண்டிருக்காமல் கூட்டிக்கொண்டு போங்கள்.

பிள்ளைகளுக்கு வரிசையே வேறு. 3 வயதிலிருந்து 13 வயதுவரை பாடசாலைப் பல் சிகிச்சை நிலையங்களில் பார்க்கிறார்கள், அங்கே இருப்பவர்கள் மகரகமவில் இதற்கென்றே பயிற்சி எடுத்தவர்கள். கர்ப்பிணித் தாய்மாரை மருத்துவிச்சியும் கிளினிக்கும் பல் காட்ட அனுப்புவார்கள், அதைத் தட்டிக்கழிக்காதீர்கள். "வயித்தில பிள்ளையோட பல்லில கை வைக்கக் கூடாது" என்று வீட்டில் யாராவது சொல்வார்கள், டொக்டர் சொல்வதைக் கேளுங்கள்.

கடைசியாகக் கெப். அதற்கும் அங்கேயே பதியலாம் என்றார்கள், ஆனால் இன்னொரு நீண்ட காத்திருப்பு. வேர் சிகிச்சை செய்த பின் பல்லை மூடாமல் கனநாள் விட்டால் வெடித்துப் போகலாம் என்று டொக்டரே சொன்னதால் கெப்பை மட்டும் தனியாரில் போட்டேன். முழுவதையும் தனியாரில் செய்திருந்தால் ஆகியிருக்கிற செலவில் ஏறக்குறைய பாதி. பில்லில் "46" என்று இருந்தது, பணத்தொகை என்று நினைத்து முழிக்காதீர்கள், நாலாவது பக்கத்தின் ஆறாவது பல் என்று அர்த்தம், அதாவது வலது கீழ். அந்த பில்லை ஒரு ஆசையில் இன்சூரன்ஸுக்கும் அனுப்பிப் பார்த்தேன். திருப்பி அனுப்பினார்கள், அதே ஒற்றை வரியைக் காட்டி. ஆனால் நடுவில் டொக்டர் எழுதின துண்டுக்கு பாமசியில் வாங்கின வலி மாத்திரையும் அன்டிபயோட்டிக்கும் மருந்துக் கணக்கில் திரும்பக் கிடைத்தன. ஆகவே பல் சம்பந்தமான துண்டு என்றாலும் மருந்து பில்லைத் தனியாக, மூலப் பிரதியோடு போடுங்கள், பல் டொக்டரின் பில்லோடு ஒன்றாகப் பின் அடித்து அனுப்பினால் இரண்டும் சேர்ந்தே திரும்பி வரக்கூடும்.

பொலிசி புதுப்பிக்கிற மாதம் வருகிறது. பல்லையும் சேர்க்கச் சொல்லி எங்கள் பிரிவில் கையெழுத்து வாங்கிக்கொண்டிருக்கிறேன், அலுவலகத்தில் இன்சூரன்ஸ் பார்க்கிற அக்காவே முதல் ஆளாகப் போட்டார். அம்மா இப்போது தன் கட்டுப்பல்லைப் பற்றிப் பேசத் தொடங்கியிருக்கிறார், விடிய எத்தனை மணிக்குப் போனால் நம்பர் கிடைக்கும் என்று.