நாவலை விட்டுவிட்டு விதையைப் பிடித்தார்கள்

இந்தியாவில் இருந்துகொண்டு வெளிநாட்டுப் பதிப்பகங்களிடம் அட்வான்ஸ் காப்பி (புத்தகம் வெளியாகும் முன்பே விமர்சகர்களுக்கு இலவசமாக அனுப்பும் பிரதி) வாங்குகிறவரா நீங்கள்? அப்படியானால் பெட்டிக்குள் புத்தகத்தோடு வேறு என்னென்ன வைக்கிறார்கள் என்று முதலிலேயே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஒரு பெட்டியைக் கஸ்டம்ஸிலிருந்து இப்போதுதான் மீட்டேன், எரிச்சல் இன்னும் அடங்கவில்லை.

காப்பி கேட்பது சுலபமாக முடிந்தது. லண்டன் பதிப்பகத்துக்கு ஒரு மெயில், பழைய விமர்சனங்களின் இணைப்பு, அவ்வளவுதான், அனுப்புகிறோம் என்று பதில் வந்துவிட்டது. நாவல் ஒரு கைவிடப்பட்ட தோட்டத்தைப் பற்றியது. அதனால் கூடவே கையால் வரைந்த மாதிரி ஒரு வரைபடம், துருப்பிடித்த சாவி, ஒரு மெழுகுவர்த்தி, காட்டுப்பூ விதைப் பொட்டலம். படிக்கவே குஷியாக இருந்தது.

பார்சல் சென்னைக்கு வந்ததும் நின்றுவிட்டது. ஆதார், பான் கேட்டு கூரியர்காரர்கள் அனுப்பிய எஸ்எம்எஸ் என்னிடம் வரவே இல்லை, ஏனென்றால் லேபிளில் இருந்தது லண்டன் அலுவலகத்தின் நம்பர். உங்கள் செல் நம்பரை +91 சேர்த்து லேபிளிலேயே அச்சிடச் சொல்லுங்கள், மெயிலில் மட்டும் கொடுத்தால் போதாது.

அடுத்த வம்பு ‘கிஃப்ட்’. லண்டன்காரர் நல்லெண்ணத்தில் சுங்கப் படிவத்தில் அப்படி டிக் செய்திருந்தார். 2019 டிசம்பரிலிருந்து ராக்கி, உயிர்காக்கும் மருந்து தவிர வேறெதையும் கிஃப்ட் என்று சலுகையில் கொண்டுவர முடியாது, முழு வரியும் கட்டியாக வேண்டும். சரி, கட்டுகிறேன் என்றால், இன்வாய்ஸ் கேட்டார்கள். இலவசமாக வருவதற்கு ஏது இன்வாய்ஸ்? அட்டையிலேயே ‘விற்பனைக்கு அல்ல’ என்று போட்டிருக்கிறது என்றேன். “விற்காத புத்தகத்துக்கு நாங்க எப்படி வேல்யூ போடறது சார்?” என்று கஸ்டமர் கேரில் இருந்தவர் என்னையே திருப்பிக் கேட்டார். மறுபடி லண்டனுக்கு எழுதி, ஒவ்வொரு பொருளுக்கும் தனித்தனியாக விலை போட்ட ப்ரோஃபார்மா இன்வாய்ஸ், அதாவது விற்பனை இல்லாமலே மதிப்பைக் காட்டும் பட்டியல், வாங்கினேன். தனித்தனியாக என்பதுதான் முக்கியம். அச்சிட்ட புத்தகத்துக்கு 2019 பட்ஜெட்டில் போட்ட 5 சதவீதச் சுங்க வரிதான், ஜிஎஸ்டி இல்லை, மெழுகுவர்த்திக்கு அந்தச் சலுகை கிடையாது. எல்லாவற்றையும் ஒரே செட் என்று எழுதினால் புத்தகமும் மெழுகுவர்த்தி கணக்கில் போய்விடும்.

இதெல்லாம் முடிந்தது என்று நினைத்தபோதுதான் விதைப் பொட்டலம் கண்ணில் பட்டிருக்கிறது. 2003 தாவர நோய்த்தடுப்பு ஆணைப்படி விதை கொண்டுவர இறக்குமதி அனுமதியும், அனுப்பும் நாட்டின் தாவர நலச் சான்றிதழும் வேண்டும். ஒரு சிட்டிகை விதைக்கு யார் அதற்கெல்லாம் அலைவது? எடுத்து அழித்துவிடுங்கள் என்று எழுதிக் கொடுத்தேன். அந்தக் கடிதத்தையும் முதலில் ஒழுங்காகச் சேர்க்காமல் என்னை மறுபடி அலையவிட்டார்கள்.

2015இல் அமெரிக்கத் த்ரில்லர் எழுத்தாளர் ஜேம்ஸ் பேட்டர்சனின் ஒரு நாவலுக்கு விளம்பரமாக, 24 மணி நேரத்தில் தானாக அழியும் மின்பிரதிகள் 1,000 கொடுத்து, நிஜமாகவே வெடிக்கும் ஒரு பிரதியை 2,94,038 டாலருக்கு விற்பனைக்கும் வைத்தார்கள். அதையெல்லாம் நம்மூர் கவுன்டரில் விளக்கிச் சொல்வதை யோசித்துப் பாருங்கள்!

ஒருவழியாகப் பெட்டி வந்தது. அரக்கு முத்திரையை உடைத்துப் பிரித்து, பழுப்பு டேப்பைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். ஆனால் உள்ளே வரைபடம் கசங்கவில்லை, சாவியும் இருந்தது, மூன்றாவது அத்தியாயத்தில் அந்தச் சாவி வருகிற இடத்தில் அதைக் கையில் வைத்துக்கொண்டு படித்தேன், சின்னப்பிள்ளைத்தனம்தான், இருக்கட்டுமே. வெறும் கதைக்கு, விமர்சகர்களுக்கு முன்கூட்டியே மின்பிரதி தரும் நெட்கேலி தளத்தில் வாங்குவதே போதும், எந்த அலைச்சலும் இல்லை. எனக்குப் பெட்டிதான் வேண்டும்.

இன்னொன்று, வந்த பிரதியை விற்காதீர்கள். 2021இல் ஐரிஷ் எழுத்தாளர் சாலி ரூனியின் நாவலுக்கு முன்பிரதியோடு மஞ்சள் தொப்பியெல்லாம் அனுப்பினார்கள், பிரதிகள் ஈபேயில் விற்பனைக்கு ஏறிவிட்டன. அப்படி விற்றவர் நீங்கள் என்று தெரிந்தால் அடுத்த முறை உங்கள் மெயிலுக்குப் பதிலே வராது. மேற்கோள் காட்டுவதாக இருந்தால், இது திருத்தப்படாத பிரதி, வெளியான பதிப்போடு ஒப்பிட்டுப் பார்த்துவிட்டுப் போடுங்கள். என் பிரதியில் ஒரு கதாபாத்திரத்தின் பெயரே பாதியில் மாறுகிறது.