பாலி போகாத அக்காவும் கிளாவரை பஸ்ஸும்

எதிர்வீட்டுப் பெண் தேனிலவுக்கு பாலி போய் வந்ததில் இருந்து எங்கள் அக்காவுக்குத் தூக்கம் இல்லை. வாட்ஸாப் ஸ்டேட்டஸில் தினமும் ஒரு படம். கடைசியாக வந்தது மலைச்சரிவில் படிப்படியாக இறங்கும் பச்சை வயல். தையல் மிஷினை நிறுத்திவிட்டு, "இங்கே போக எவ்வளவுடா ஆகும்?" என்று கேட்டாள்.

கணக்குப் போட்டுக் காட்டினேன். பாஸ்போர்ட் எடுக்க ஆளுக்கு 1,500. போய் இறங்கியதும் விசாவுக்கு ஐந்து லட்சம் கட்ட வேண்டும் என்றதும் அக்கா எழுந்து நின்றுவிட்டாள். அது அந்த ஊர் ரூபியா, நம் காசில் இரண்டாயிரத்து ஐந்நூறு, இரண்டாயிரத்து எழுநூறுதான் என்று சொல்லி உட்கார வைத்தேன். விமான டிக்கெட்டுக்குப் போவதற்குள், "சரி விடு, இதே மாதிரி இங்கே எங்கேயும் இல்லையா?" என்றாள்.

இருக்கிறது. திண்டுக்கல்லில் இருந்து நாலைந்து மணி நேரம். கொடைக்கானலுக்குப் பலமுறை போயிருக்கிறோம். ஆனால் எல்லோரையும் போல ஏரியைச் சுற்றி, சோளம் தின்று, ஸ்வெட்டர் வாங்கித் திரும்பியதுதான். மேல்மலை என்று உள்ளூர்க்காரர்கள் சொல்லும் பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி, பூண்டி, கிளாவரைப் பக்கம் எட்டிப் பார்த்ததே இல்லை.

மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை கிளம்பினோம். கிழமை முக்கியம். சனி, ஞாயிறு போனால் இந்தக் கட்டுரையில் உள்ள ஒரு தொகையும் உங்களுக்குப் பொருந்தாது. மே மாதம் பற்றிப் பேசவே வேண்டாம். சொந்த வண்டியில் போனால் இ-பாஸ் எடுக்க வேண்டும், 2024 மே மாதத்தில் இருந்து இந்த நடைமுறை. அரசுப் பஸ்ஸில் போகிறவனுக்கு அந்தத் தொல்லை கிடையாது. பிளாஸ்டிக் பாட்டிலை மலைக்குக் கொண்டுபோகக் கூடாது என்பதால் அக்கா எவர்சில்வர் பாட்டிலில் சீரகத் தண்ணீர் எடுத்துக்கொண்டாள். கூடவே ஒரு தூக்கில் புளியோதரை. நான் வேண்டாம் என்றேன். கடைசியில் அதைத்தான் மதியம் சாப்பிட்டோம்.

வத்தலக்குண்டு தாண்டி மலை ஏறியது, நடுவில் அக்கா எலுமிச்சம்பழத்தை முகர்ந்துகொண்டே வந்தது எல்லாம் வழக்கம் போல. கொடைக்கானல் பஸ் ஸ்டாண்டில் இறங்கியதும் ஒரு வண்டிக்காரர் வந்து, மேல்மலை சுற்றிக்காட்ட மூவாயிரம் கேட்டார். "பஸ்ஸே கிடையாதுங்க அங்கே" என்றார். அவர் சொல்லி முடிப்பதற்குள் பின்னால் கிளாவரை என்று போர்டு மாட்டிய பஸ் வந்து நின்றது. அக்கா அவரைப் பார்த்த பார்வையை நான் எழுதப் போவதில்லை.

அந்தப் பஸ் சுற்றுலாப் பயணிக்காக ஓடுவது அல்ல. டிரைவர் பக்கத்தில் ஒரு பிளாஸ்டிக் குடம், பூச்சிமருந்து டப்பா, யாருக்கோ போக வேண்டிய மாத்திரைப் பொட்டலம். வழியில் ஓர் இடத்தில் ஊரே தெரியவில்லை, ஒரு சிறுவன் மட்டும் நிற்கிறான். பஸ் நின்றது. கண்டக்டர் மாத்திரையை நீட்டி, "பாட்டிகிட்டே ராத்திரிக்கு ஒண்ணுதான்னு சொல்லு" என்றார். விசில். வண்டி கிளம்பிவிட்டது.

இரண்டு பக்கமும் ஒரே சீகை மரம், நடுநடுவே பைன், யூகலிப்டஸ். எங்கள் அப்பா திண்டுக்கல் தோல் ஷாப்பில் இருபது வருடம் வேலை பார்த்தவர். அவர் சட்டையில் இருந்த வாசனைக்கு ஒரு காரணம் இந்த மரம். வாட்டில் என்பார்களே, அதுதான் சீகை. தோல் பதனிடும் பட்டைக்காக ஆஸ்திரேலியாவில் இருந்து வந்ததை இந்த மலை முழுக்க நட்டார்கள். அதற்கு முன்னால் இங்கே புல்வெளியும் சோலைக்காடும்தான். புல்வெளி போனதால் ஓடைகளுக்கு வந்த கேடு பெரிய கதை. அக்காவிடம் சொன்னபோது, "அப்போ ஆஸ்திரேலியாவையும் பார்த்தாச்சு" என்றாள். அந்த மரங்களை மன்னிக்க எனக்கு மனமில்லை. அவள் கணக்கில் மட்டும் நாடு ஒன்று கூடிவிட்டது.

பூம்பாறைக்கு முன் ஒரு வளைவில் எல்லோரும் காரை நிறுத்திப் படம் எடுப்பார்கள். பஸ் நிற்காது. ஆனால் ஜன்னலில் இருந்தே தெரிந்தது. மலைச்சரிவு முழுக்க அடுக்கடுக்காக வயல், கீழே நெருக்கமாக ஓட்டு வீடுகளும் தகர வீடுகளும். பாலிப் படத்தில் இருந்த அளவு பச்சை இல்லை. பாதி அடுக்கு பச்சை, பாதி அப்போதுதான் கொத்திவிட்ட மண். அக்கா போனை எடுத்தாள், எடுப்பதற்குள் வளைவு முடிந்துவிட்டது.

குழந்தை வேலப்பர் கோயிலில் கும்பிட்டுவிட்டு, விசாரித்து ஒரு வீட்டு மாடியில் அறை பிடித்தோம். இரவுக்கு 900 ரூபாய். கம்பளி மூன்று கொடுத்தார்கள், மூன்றும் போதவில்லை. ஆனால் நான் சொல்ல வந்தது அந்த வீட்டு அடுப்படி பற்றி.

விறகு அடுப்பு. அதற்கு மேலே மூங்கில் கட்டி, பூண்டைத் தாளோடு கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருந்தார்கள். ஒவ்வொரு நாளும் சமைக்கும் புகை அதன்மேல் படிந்து, தோல் பழுப்பேறி, தொட்டால் விரலில் கரி. வீட்டுக்கார அம்மா ஒரு கொத்தை இறக்கி அக்காவிடம் கொடுத்தார். "ஈரம் புகையிலேயே போயிரும்மா. மாசக்கணக்கா வெச்சாலும் கெடாது. விதைக்கும் இதுலதான் எடுப்போம்." பல் சின்னது, உரிப்பது கஷ்டம். உரித்ததும் காரம் மூக்கில் ஏறியது. கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அதனால் விலை ஏறியதா என்று கேட்டேன். "பேரு ஏறிச்சு தம்பி" என்றார்.

அன்று இரவு அந்தப் பூண்டைத் தட்டிப்போட்டு ரசம். பொறாமைப்படுங்கள்.

மறுநாள் காலைப் பஸ்ஸில் கடைசி நிறுத்தம் வரைக்கும் டிக்கெட் எடுத்தோம். என் பயணங்களில் இப்போது ஒரே விதி இதுதான்: செலவைக் குறைக்க வேண்டும் என்றால் பஸ் எங்கே திரும்புகிறதோ அங்கே போ. அங்கே ரிசார்ட் கட்ட இன்னும் ஆள் வந்திருக்க மாட்டான். கிளாவரையில் ரோடு முடிகிறது. எதிரே தெரியும் மலை கேரளா. அந்தப் பக்கம் வட்டவடை, கோவிலூர். அங்கேயும் இதே பூண்டு, பேசுவதும் பெரும்பாலும் தமிழ். முன்பு கொடைக்கானலில் இருந்து பேரிஜம் வழியாக மூணாறுக்கே ரோடு இருந்தது, இப்போது காட்டுக்குள் மூடிக் கிடக்கிறது. டீக்கடையில் ஒரு பெரியவர், சின்ன வயதில் உறவுக்காரர் கல்யாணத்துக்கு வட்டவடைக்கு நடந்தே போவோம் என்று கையை நீட்டி வழி காட்டினார். குறிஞ்சி பூத்திருக்கிறதா என்று அக்கா கேட்டதற்கு, "2018ல வந்திருக்கணும். இனி முப்பதுலதான்" என்றார், பஸ் நேரம் சொல்வது போல.

திரும்பும்போது மன்னவனூரில் இறங்கினோம். ஏரிக்கரையில் வனத்துறையின் சுற்றுலாத் தளம், பரிசல் விடுகிறார்கள். மத்திய ஆட்டுப்பண்ணையில் பாரத் மெரினோ செம்மறிகள் புல்வெளியில் மேய்கின்றன. எல்லா இடத்திலும் எழுதிவிட்டார்கள், அழகுதான். எங்களுக்கு நடந்தது வேறு. ஆட்டைப் பார்த்துக்கொண்டே இருந்ததில் பஸ்ஸை விட்டுவிட்டோம். அடுத்த பஸ்ஸுக்கு வெகுநேரம். போனில் சிக்னல் இல்லை (கையில் ரொக்கம் வைத்திருங்கள், ஜிபே கனவில்தான்). கடைசியில் கேரட் மூட்டை ஏற்றிய பிக்கப்காரர் ஒருவர் இரக்கப்பட்டு அக்காவை முன்னால் உட்கார வைத்தார். நான் மூட்டைமேல். கொடைக்கானல் வரும் முன்பு ஓர் இடத்தில் காட்டு மாடு ரோட்டை மறித்து நின்றது. ஹாரன் அடிக்காமல் அவர் வண்டியை அணைத்துவிட்டுக் காத்திருந்தார். அது எங்களைப் பார்த்துவிட்டு, நிதானமாகச் சீகைக்குள் போயிற்று.

இரண்டு நாளுக்கு இரண்டு பேருக்கும் சேர்த்து 2,740 ரூபாய். இரண்டு பேர் பாஸ்போர்ட் கட்டணத்தைவிடக் குறைவு. பூண்டைச் சேர்க்கவில்லை, அக்கா வாங்கிய இரண்டு கிலோவை நான் செலவில் எழுத மறுத்துவிட்டேன்.

அந்தப் பூண்டு இப்போது தையல் மிஷினுக்கு மேலே ஆணியில் தொங்குகிறது. ஜாக்கெட் தைக்கக் கொடுக்க வந்த எதிர்வீட்டுப் பெண் மூக்கைச் சுருக்கி, "என்னக்கா புகை வாசம்?" என்றாளாம். அக்கா அளவு நாடாவைக் கழுத்தில் போட்டுக்கொண்டு கிளாவரையில் இருந்து ஆரம்பித்திருக்கிறாள்.