அதே பல்லுதானே

கடைசிப் பிள்ளை கதிரையிலிருந்து இறங்கிப் போன பிறகுதான் என்னோடு வேலை செய்யும் இளையவள் போனை நீட்டினாள். அமெரிக்காவில் டென்டல் ஹைஜீனிஸ்ட்கள், அதாவது பல் சுத்தம் செய்பவர்கள், படிக்கும் முதுகலைப் படிப்பு. "பாருங்கக்கா, வீட்டிலருந்தே படிக்கலாமாம்."

கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னேன்: "மாஸ்டர்ஸ் முடிச்சாலும் நாளைக்கு நீ அடைக்கப்போறது அதே பல்லத்தானே."

அவள் ஒன்றும் பேசவில்லை. வாய்க்கண்ணாடிகளை அள்ளிக்கொண்டு கழுவப் போய்விட்டாள்.

நான் சொன்னது பொய்யில்லை. அந்தப் படிப்புக்கு முதலில் இளங்கலைப் பட்டம் வேண்டும். அங்கே பல் சுத்தம் செய்ய இரண்டு மூன்று வருடப் படிப்பும் லைசன்ஸும் போதும். அதற்கு மேல் படிப்பவர்கள் பெரும்பாலும் கற்பிக்கவோ ஆராய்ச்சிக்கோ பொதுச் சுகாதாரத்துக்கோ போகிறவர்கள். நாங்கள் இலங்கையில், மகரகமவில் பயிற்சி முடித்த பாடசாலைப் பல் சிகிச்சையாளர்கள். 3 முதல் 13 வயது வரையுள்ள பிள்ளைகளின் வாய், அவ்வளவுதான் எங்கள் எல்லை. பேராதனைப் பல் மருத்துவ பீடம் நாங்கள் வேலை செய்யும் ஹட்டனிலிருந்து மலை இறங்கினால் வந்துவிடும். ஆனால் அது கேட்பது உயர்தரப் பரீட்சைப் பெறுபேற்றை, எங்கள் அனுபவத்தை அல்ல. இதையெல்லாம் உட்கார வைத்துச் சொல்லியிருக்கலாம். நக்கலோடு முடித்துவிட்டேன்.

அன்று காலையில் நடந்ததுதான் இன்னும் உறுத்துகிறது. தோட்டத்தில் அரைப்பேரை, அதாவது அரை நாள் சம்பளத்தை, விட்டுவிட்டு ஒரு தாய் மகனைக் கூட்டி வந்திருந்தார். கடைவாயில் கருத்த குழி. "பால் பல்லுதானே மிஸ், தானா விழுந்துருமே" என்றார். ஆறு வயதில் பால் பற்களுக்குப் பின்னால் முளைக்கும் நிலையான பெரிய பல் அது. அது வர எந்தப் பல்லும் விழுவதில்லை, அதனால் வந்ததே வீட்டில் தெரியாது. நான் அடைக்க மருந்து எடுத்தேன். அவளோ ஒரு தாளில் பல் வரிசையை வரைந்து, அந்தத் தாய் திருப்பிச் சொல்லும்வரை விடவில்லை. வெளியே வரிசை வாசல்வரை நின்றது, எனக்கு எரிச்சலாக வந்தது. "தோட்டத்து லயம் லயமா, வீடு வீடா போய் இதச் சொல்ல ஆள் வேணாமாக்கா?" என்று கேட்டாள். அவள் காட்டிய படிப்பும் கிட்டத்தட்ட அதற்குத்தான்.

பொறாமை என்கிறாள் என் தங்கச்சி. இருக்கலாம். ஆனால் கடன்பட்டுப் படித்துவிட்டு வந்து, அதற்கேற்ற பதவி இங்கே இல்லையென்றால் யார் கட்டுவது? நான் அவளைக் காப்பாற்றினேன் என்று சில நாட்கள் நினைத்துக்கொள்கிறேன்.

விண்ணப்பித்தாளா என்று நான் கேட்கவில்லை, அவளும் சொல்லவில்லை. வேலையில் குறையில்லை, தேத்தண்ணி ஊற்றினால் எனக்கும் ஒரு கோப்பை வருகிறது. அப்புறம், இப்போதெல்லாம் என்னை 'மிஸ்' என்றுதான் கூப்பிடுகிறாள்.