கண்மாயை அறிய வரிசையாய்ச் சில தொட்டிகள்

மதுரையைச் சுற்றியுள்ள ஒரு கண்மாயின் தண்ணீர் பச்சை பிடித்தால், சாக்கடை கலந்தது, வயல் உரம் வடிந்தது, ஜிலேபி மீன் பெருகியது, மழை பொய்த்தது என்று ஆளுக்கொரு காரணம் சொல்வார்கள். அவை அனைத்தும் ஒரே பருவத்தில் நிகழ்வதால், எது எவ்வளவு காரணம் என்று கரையில் நின்று பிரித்தறிய இயலாது. பக்கத்துக் கண்மாயோடு ஒப்பிடலாமென்றால் அதன் ஆழம், மண், வரத்துக்கால் எல்லாமே வேறு.

இந்தச் சிக்கலுக்கு விடையாகவே அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகம் 1960களில் ஒரே அளவில் 50 குளங்களை வெட்டியது. அங்கே உரச்சத்தையும் மீன்களையும் மாற்றிப் பார்த்த ஆய்வு 1970இல் வெளியானது. ஒரே மாற்றத்தைச் சில குளங்களில் செய்து, சிலவற்றை அப்படியே விட்டு, எது எந்தக் குளத்துக்கு என்பதைக் குலுக்கல் முறையில் தீர்மானித்தால்தான் தற்செயலைக் காரணத்திலிருந்து பிரிக்க முடியும்.

குளம் வெட்ட முடியாதபோது இதையே தொட்டிகளில் செய்யலாம். ஆனால் தொட்டிக்கு எல்லையும் உண்டு: சுவரில் படியும் பாசி கணக்கைக் குழப்பும், காற்று நீரைக் கலக்காது. ஆகவே பெரிய நீர்நிலையிலும் சரிபார்க்க வேண்டும். கனடாவில் 1973இல் ஓர் ஏரியைத் திரையால் இரண்டாகப் பிரித்து, இருபுறமும் கார்பனும் நைட்ரஜனும் இட்டு, ஒருபுறம் மட்டும் பாஸ்பரஸைச் சேர்த்தபோது, அந்தப் புறமே பாசியால் பச்சையானது.

ஆனால் அந்நாட்டு ஏரிகளைப் போலன்றி நம் கண்மாய்களில் பெரும்பாலானவை கோடையில் வற்றுபவை. நம் ஆய்வு தொடங்க வேண்டிய இடம் இதுவே என்பது என் உறுதியான கருத்து. வெடித்துக் கிடக்கும் வண்டலில் ஒரு கைப்பிடி எடுத்துக் கண்ணாடிப் பாத்திரத்தில் மழைநீரில் ஊறவைத்தால், சில நாட்களில் கடுகினும் சிறிய உயிர்கள் துள்ளித் துள்ளி நீந்துவதைக் காணலாம். மொய்னா, டாப்னியா போன்றவை வறட்சியைத் தாங்கும் முட்டைகளாக அம்மண்ணில் காத்திருந்தவை. பாசியை மேய்ந்து தண்ணீரைத் தெளிய வைப்பவையும் அவையே. இப்போதோ நகரையொட்டிய சில கண்மாய்கள், கழிவுநீர் வரத்தால் வற்றுவதே இல்லை.

இப்படி வற்றாமல் இருப்பது அந்த உயிர்களையும் பாசியையும் எப்படிப் பாதிக்கிறது என்பதை ஆராய ஒரு கல்லூரி வளாகத்தின் மூலை போதும். சிமென்ட் தொட்டிகளின் காரம் போகப் பலமுறை நீர் தேக்கி வடித்துவிட்டு, ஒரே கண்மாயின் வண்டலை நன்றாகக் கலந்து சம அளவில் பரப்பி, ஐப்பசி மழைநீரால் நிரப்ப வேண்டும். பிறகு பாதித் தொட்டிகளைக் கோடையில் வற்றவிட்டு, மீதியை வற்றாமல் காத்து, அடுத்த மழைக்குப் பின் இரண்டிலும் பாசியையும் அதை மேயும் உயிர்களையும் வாரந்தோறும் எண்ணலாம்.