பேட்டரி நிலையம் எப்போது தயாராகும்? டிரான்ஸ்பார்மரைக் கேளுங்கள்

ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில், மூடப்பட்ட முன்மோரா அனல்மின் நிலைய வளாகத்தில் எழுந்தது வாராட்டா சூப்பர் பேட்டரி. ஒரே நேரத்தில் 850 மெகாவாட் தரலாம், மொத்தம் 1,680 மெகாவாட் மணி மின்சாரம் சேமிக்கலாம். 2025 அக்டோபரில் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தபோது அதன் மூன்று பெரிய டிரான்ஸ்பார்மர்களில் ஒன்று பழுதானது. முழுத் திறனை எட்டும் நாள் தள்ளிப்போனது. வானிலிருந்து எடுத்த படத்தை மட்டும் பார்த்தவருக்கு வேலை எப்போதோ முடிந்ததாகத்தான் தெரிந்திருக்கும்.

இத்தகைய கட்டுமானங்களைப் பின்தொடர்பவர்கள் முதலில் செய்யும் தவறு, பேட்டரி செல்கள் அடங்கிய கன்டெய்னர் பெட்டிகளை எண்ணுவது. இருப்பதிலேயே வேகமாக நடக்கும் வேலை அதுதான். செல், குளிரூட்டி, தீயறியும் கருவி எல்லாம் ஆலையிலேயே பூட்டி வருகின்றன. கிரேனால் இறக்கி, போல்ட் முடுக்கி, கேபிள் இணைக்க வேண்டும், அவ்வளவே.

எண்ணிக்கையே கூட ஏமாற்றும். இன்றைய 20 அடிப் பெட்டி ஒன்று ஏறக்குறைய 5 மெகாவாட் மணி. 1,200 மெகாவாட் மணி நிலையத்துக்கு 240 பெட்டி என்று வகுத்துவிட்டால் கணக்கு உதைக்கும். வழியில் போகும் இழப்புக்கும், செல்கள் ஆண்டுக்காண்டு தேய்வதற்கும் சேர்த்து 10 முதல் 20 சதவீதம் கூடுதலாக வைப்பது வழக்கம். சிலர் அந்தக் கூடுதலைப் பின்னால் போட்டுக்கொள்ள மேடையை மட்டும் கட்டி விட்டுவைப்பார்கள். காலி மேடையெல்லாம் பாக்கி வேலை அல்ல.

ஐரோப்பியச் செயற்கைக்கோளான சென்டினல்-2 எடுக்கும் படங்கள் இலவசம். ஏறக்குறைய 5 நாளுக்கொரு முறை வரும். ஆனால் ஒரு பிக்சல் 10 மீட்டர். பெட்டியோ 6 மீட்டர் நீளம், 2.4 மீட்டர் அகலம். தனிப் பெட்டி தெரியாது; சரளையின் மேல் வெள்ளை வரிகள் படர்வது மட்டும் தெரியும். மண் சமன்படுத்துவதையும் வரிசைகள் நிரம்புவதையும் கவனிக்க அது போதும். டிரான்ஸ்பார்மர் வந்துவிட்டதா என்று பார்க்க அரை மீட்டர் நுணுக்கமுள்ள படத்தைக் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டும். அதில் தீத்தடுப்புச் சுவர்கள் எழும்பி நடுவில் வெறும் மேடை தெரிந்தால் சரக்கு இன்னும் வரவில்லை. வந்த பிறகும் ரேடியேட்டர், புஷிங் (மின்கம்பி உள்ளே நுழையும் காப்புக் குழாய்) பொருத்தி, உள்ளிருக்கும் காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி, எண்ணெய் நிரப்பி, சோதித்து முடிக்க வாரக்கணக்கில் ஆகும்.

அடுத்த மைல்கல் பேக்ஃபீட்: வெளி மின் கட்டமைப்பிலிருந்து நிலையத்துக்குள் முதன்முதலாக மின்சாரம் விடுவது. பெட்டிகள் வந்திறங்கி இது மட்டும் இழுத்தடித்தால் குளிரூட்டிக்கும் கண்காணிப்புக்கும் டீசல் ஜெனரேட்டரை நம்பியிருக்க வேண்டும். மாதங்கள் போனால் செல்களுக்கிடையே சார்ஜ் அளவு ஏறுமாறாகிவிடும். சமன்செய்யத் தனி நேரம் வேண்டும்.

சோதனைக் கட்டத்தில் என்ன நேரலாம் என்பதற்கு ஆஸ்திரேலியாவின் விக்டோரியா மாநிலத்திலுள்ள விக்டோரியன் பிக் பேட்டரியைவிடத் தெளிவான பாடம் இல்லை. 300 மெகாவாட், 450 மெகாவாட் மணி, டெஸ்லாவின் 212 மெகாபேக் பெட்டிகள். 2021 ஜூலை 30 அன்று ஒரு பெட்டி தீப்பிடித்துப் பக்கத்துப் பெட்டிக்கும் பரவியது. குளிர்விப்புத் திரவக் கசிவால் ஷார்ட் சர்க்யூட் ஆகியிருக்க வேண்டும் என்பது விசாரணை முடிவு. அந்தப் பெட்டியைச் சாவியால் அணைத்து வைத்திருந்ததால் பாதுகாப்புச் சுற்றுகள் பலவும் செயலில் இல்லை. புதுப் பெட்டியின் தரவு கண்காணிப்பு அமைப்பில் சேர அப்போது 24 மணி நேரம் ஆகும் என்பதால் கட்டுப்பாட்டு அறையில் எச்சரிக்கையும் வரவில்லை. பிறகு அந்த இடைவெளியை 1 மணி நேரமாகக் குறைத்தார்கள். நிலையம் டிசம்பரில் இயங்கத் தொடங்கியது.

அமெரிக்காவில் என்றால் எரிசக்தித் தகவல் நிர்வாகம் மாதந்தோறும் விடும், மின் நிலையங்களின் நிலையைச் சொல்லும் 860-எம் பட்டியலைப் பாருங்கள். 'யு' என்றால் பாதி வரை முடிந்தது, 'வி' பாதிக்கு மேல், 'டிஎஸ்' (TS) கட்டி முடிந்தும் வணிக ஓட்டம் தொடங்காதது. நிறுவனங்களே நிரப்பித் தருவது. 'வி'யிலேயே மாதக்கணக்கில் நின்றால் சந்தேகப்படலாம்.

ஆஸ்திரேலியாவில் இதைவிட நல்ல தடயம் மின்சந்தைத் தரவு. புது நிலையத்தின் முழுத் திறனையும் ஒரேயடியாகத் திறந்துவிட மாட்டார்கள். ஒவ்வொரு படியிலும் அளந்த நடத்தை, முன்பே கொடுத்த கணினி மாதிரியோடு ஒத்துப்போனால்தான் அடுத்த படி. நிலையங்கள் சந்தையில் கேட்கும் விலையும் அளவும் அடங்கிய ஏலத் தரவு மறுநாள் வெளியாகும். அதில் 'அதிகபட்சக் கிடைப்பு', அதாவது நிலையம் தரத் தயாராக இருக்கும் உச்ச மெகாவாட், என்ற எண் படிக்கட்டு போல ஏறுவதைப் பார்க்கலாம். ஒரு படியிலேயே வாரக்கணக்கில் நின்றால் மாதிரியோ கருவியோ இடிக்கிறது என்று பொருள். பழைய குறிப்புகளை நம்பித் தேடுபவர்கள் கவனிக்க: 2024 ஜூன் 3 முதல் பேட்டரிக்குச் சார்ஜுக்கும் வெளியேற்றத்துக்கும் சேர்த்துத் தரவில் ஒரே அடையாளக் குறியீடு, அதற்கு முன் இரண்டு.

இந்த எண்ணிலும் ஒரு பொறி உண்டு. வாராட்டாவில் 700 மெகாவாட், 1,400 மெகாவாட் மணி மின் கட்டமைப்பைக் காக்கவென்றே ஒப்பந்தப்படி ஒதுக்கப்பட்டது. அங்கே ஏலத்தில் தெரியும் எண் 850-க்குக் கீழே நின்றால், அது கட்டுமானத் தாமதமா ஒப்பந்த ஒதுக்கீடா என்று பார்த்துவிட்டுத்தான் அட்டவணையில் ஏற்ற வேண்டும்.