200 ஆண்டு: எதிலிருந்து எண்ணுவது?

ஊசிக்கோபுரம் என்று ஊரார் அழைக்கும் பாளையங்கோட்டை ஆலயத்துக்கு 2026 ஜூன் 26-ஆம் தேதியோடு 200 வயது நிறைகிறது. 1826-ல் மிஷனெரி ரேனியஸ் ஐயர் (எங்கள் பக்கம் போதகரை ஐயர் என்போம்) பிரதிஷ்டை செய்த தூய திரித்துவப் பேராலயம் அது. ஊருக்கே அடையாளமான கோபுரம் பிற்பாடுதான் எழும்பியது. ஆனால் திருநெல்வேலித் திருச்சபை தன் வயதை இந்தக் கட்டடத்திலிருந்து எண்ணுவதில்லை. 1780-லிருந்துதான் எண்ணுகிறது. அந்த வருஷத்தில் எந்தக் கோயிலும் கட்டப்படவில்லை, எந்த மிஷனெரியும் கப்பலில் வந்து இறங்கவில்லை. பாளையங்கோட்டைச் சபையின் பதிவேட்டில் 40 பேருடைய பெயரை எழுதி வைத்தார்கள், அவ்வளவுதான். நூற்றாண்டு மண்டபம் நினைவுகூர்வதும் அந்த ஆண்டைத்தான்.

அத்தைக்கு இந்தப் பழைய ஆலயங்களை எல்லாம் ஒரு சுற்று சுற்றிப் பார்க்க வேண்டும் என்று நெடுநாள் ஆசை. வாடகைக் கார் ஒன்று பிடித்து, முதலில் பாப்பாத்தியம்மாள் கோயிலுக்குப் போனோம். ஊசிக்கோபுரத்தை அண்ணாந்து பார்த்துப் பழகிய கண்ணுக்கு இது நம்ப முடியாத அளவு சின்னது. பதிவேட்டில் முதல் பெயர் குளோரிந்தா. அந்த அம்மாள் கட்டிய கோயில்தான் இது. 1785-ல் மிஷனெரி சுவார்ட்ஸ் ஐயர் பிரதிஷ்டை செய்தார். அத்தை செருப்பை வாசலில் விட்டுவிட்டு, வலிக்கிற முட்டியோடு தரையில் உட்கார்ந்து, முந்தானையைத் தலைக்கு இழுத்துவிட்டுக்கொண்டு, வெகுநேரம் வாய்க்குள்ளேயே ஜெபித்தார்.

குளோரிந்தா பிராமண விதவை. லிட்டில்டன் என்ற ஆங்கிலேய அதிகாரியோடு வாழ்ந்தவர். அதனாலேயே தஞ்சாவூரில் அவர் ஞானஸ்நானம் கேட்டபோது சுவார்ட்ஸ் மறுத்துவிட்டார். அதிகாரி இறந்த பிறகு, 1778-ல் இங்கே வந்துதான் கொடுத்தார். ஆண்டு விழாப் பிரசங்கங்களில் இந்த இடம் வந்தால் பலரும் லேசாகத் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அது பிடிப்பதில்லை. கிணற்றடியில் ஆண்டவர் பேசின, கணவரல்லாத ஒருவரோடு வாழ்ந்த சமாரியப் பெண்ணைப் பற்றி மட்டும் கூச்சமில்லாமல் ஒரு மணி நேரம் பேசுகிறோமே!

இதே பாளையங்கோட்டைக் கோட்டையில்தான் ஊமைத்துரையைச் சிறை வைத்தார்கள். 1801-ல் அவர் தப்பினார். கம்பெனியின் கோட்டையை ஒட்டித்தான் எங்கள் முதல் சபையும் வளர்ந்தது. தேசிய விழாவில் ஒன்றையும் சபை விழாவில் மற்றொன்றையும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போவது சுலபம். இரண்டையும் ஒரே மூச்சில் சொல்லப் பழகவேண்டும் என்று தோன்றியது.

அடைக்கலாபுரத்தில் ரேனியஸ் கல்லறை. 200 ஆண்டு விழாவின் நாயகர் அவர்தான், ஆனால் 1835-ல் அவரை அனுப்பிய மிஷனெரிச் சங்கமே அவரை விலக்கிவிட்டது. ஆங்கிலத் திருச்சபையின் முறைகளை விமரிசித்து எழுதியது அதற்கு ஒரு காரணம். 1838-ல் இறந்தபோது வயது 47. கட்டின ஆலயம் ஓரிடம், படுத்திருப்பது ஓரிடம். அத்தை கல்லைத் தொட்டுப் பார்த்துவிட்டு, "வேலை செஞ்ச மனுசன்" என்றார். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

அப்புறம் தெற்கே இடையன்குடி. கால்டுவெல் 1841-ல் வந்து சேர்ந்த ஊர். இன்றும் சுற்றிலும் செம்மண் தேரியும் பனையும்தான். அங்கே அவர் கட்டின ஆலயம் 1847-ல் தொடங்கி 1880-ல் முடிந்தது. 33 வருஷம்! இதற்கு எந்த ஆண்டை வைத்து விழா எடுப்பது? கடைக்கால் தோண்டினவர்களில் எத்தனை பேர் பிரதிஷ்டையைப் பார்த்திருப்பார்கள்? கூர்வளைவு ஜன்னல்களின் கீழே நின்றபோது இந்த யோசனைதான் வந்தது. கொடைக்கானலில் 1891-ல் இறந்த கால்டுவெல்லை இங்கே கொண்டுவந்துதான், இந்த ஆலயத்துக்குள்ளேயே அடக்கம் செய்தார்கள். அவர் வாழ்ந்த வீடு இப்போது அரசு நினைவில்லம். திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணத்துக்காக நாடு அவரைக் கொண்டாடுகிறது, நியாயம்தான். ஆனால் அந்த நூல் வெளிவந்த 1856-ல் இந்தச் சுவர்கள் பாதிகூட எழும்பியிருக்குமோ என்னவோ. அவர் மனைவி எலைசா இங்கே பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்தக் கைத்தொழில் எத்தனை வீட்டு அடுப்பை எரியவைத்தது என்பதை யாரும் தபால் தலையில் அச்சடிக்கப்போவதில்லை.

திரும்பும்போது திசையன்விளை வழியாக முதலூர். இன்றைக்குத் தூத்துக்குடி மாவட்டம். அன்றைக்கு எல்லாமே திருநெல்வேலிச் சீமை. சொந்த ஊரில் இருக்கவிடாமல் விரட்டப்பட்ட கிறிஸ்தவர்களுக்காக தாவீது சுந்தரானந்தம் 1799-ல் உண்டாக்கின குடியிருப்பு. 1799 என்றால் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கயத்தாறும் கட்டபொம்மனும்தான் ஞாபகம் வரும். அதே வருஷம், அதே சீமையில், கொஞ்சம் பேர் சட்டிபானையோடு இங்கே வந்து குடிசை போட்டார்கள் என்பதும் அதே பாடத்தில் ஒரு வரி இருந்தால் நன்றாயிருக்கும். ஆலயத்தில் ஜெபித்துவிட்டு மஸ்கோத் அல்வா வாங்கினோம். தேங்காய்ப்பால் எண்ணெய் கசிய, பொட்டலம் மடியிலேயே சூடாக இருந்தது.

சாத்தான்குளம் தாண்டினதும் அத்தை கேட்டார்: "அந்த 40 பேருல குளோரிந்தா பேரு தெரியும். மத்த 39 பேரு?"

பல சாதியிலிருந்தும் வந்தவர்கள் அவர்கள், வரலாற்றுப் புத்தகங்களில் தேடினால் பெயர்கள் கிடைக்கும் என்றேன்.

"கிடைச்சா ஐயர்ட்ட குடு. 200-வது வருச ஆராதனையில ஒவ்வொரு பேரா வாசிக்கட்டும். அஞ்சு நிமிசம்கூட ஆவாது."